லயத்து வாசலில் சஃபாரி

தேயிலை மலைகளின் ஊடாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை. முதுகில் கூடாரமும் கழுத்தில் கமராவுமாக உலகம் நடந்து வருகிறது. அந்த மலைகளில் ரோடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

2020 மே 26. கொரோனா ஊரடங்கு இன்னும் முழுதாக விலகாத நாட்கள். நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில், மரக்கறிக் காணி ஒன்றின் பக்கத்தில் புலி மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்று செய்தி பரவியது. போய்ப் பார்த்தால் அது வழக்கமான புள்ளிப் புலி அல்ல. தலை முதல் வால் வரை கறுப்பு. கழுத்தை இறுக்கிய கம்பிச் சுருக்கு. இழுக்க இழுக்க அது சதைக்குள் இறங்கியிருந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் வந்து, மயக்க ஊசி போட்டு, சுருக்கை அறுத்து, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள், மே 29 அன்று, அது இறந்தது.

இலங்கையில் கறுஞ்சிறுத்தை என்பது கண்ணுக்குக் கிடைக்காத அதிசயம். இனி இல்லையென்றே பலர் நினைத்திருந்த விலங்கு. அது உயிரோடு இருப்பதை நாடு அறிந்த கொஞ்ச காலத்திலேயே இறந்த செய்தியும் வந்தது. படங்கள் உலகம் முழுக்கப் போயின. சுருக்கு வைத்தவர்களைப் பிடிக்க வேண்டும் என்று கொழும்பில் குரல் எழுந்தது. சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்தச் சுருக்கு புலிக்கு வைத்ததல்ல, காட்டுப்பன்றிக்கு வைத்தது. தோட்டச் சம்பளம் போதாமல் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பின்பக்கம் கரட்டும் லீக்ஸும் போட்டு மாதக் கடைசியைத் தள்ளும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை அந்தக் கம்பிக்குள் இருந்தது. அதைப் பற்றி அப்போது அதிகம் பேர் பேசவில்லை.

இப்போது பேச வேண்டிய நேரம் வந்திருக்கிறது. காட்டையும் மலையையும் பார்க்க உலகம் இந்தத் தோட்டங்களுக்குள்ளேயே நடந்து வருகிறது.

பாதை வந்தது

நைரோபியில் லொறி ஏறி, தன்சானியா, மலாவி, சாம்பியா, சிம்பாப்வே, பொட்ஸ்வானா, நமீபியா என்று நாடு நாடாகக் கடந்து கேப் டவுனில் இறங்கும் நெடும்பயணங்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. இரவில் கூடாரம், பகலில் சிங்கமும் யானையும், எல்லோரும் சேர்ந்து சமைக்கும் சாப்பாடு. விமானத்தில் பறந்து, நட்சத்திர விடுதியில் தங்கி, மூன்று படம் எடுத்துத் திரும்பும் பயணத்தில் சலித்தவர்கள் இப்படித் தரைவழியே மெல்லப் போவதைத் தேடினார்கள். அந்தத் தேடலின் ஒரு கிளைதான் நம் மலைக்கும் வந்திருக்கிறது. இங்கே லொறி இல்லை, கால்தான். பெயர் பீக்கோ ட்ரெயில்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்குகிறது. கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று மலைக்கு மலை தாவி, ஹோட்டன் சமவெளியின் ஓரமாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஹப்புத்தளை, எல்ல எல்லாம் சுற்றிக் கடைசியில் நுவரெலியாவில் வந்து முடிகிறது. இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் மிகுவேல் குனாட் என்ற ஸ்பானியரின் யோசனை இது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எய்டும் பணம் தந்தன. புதிதாக வெட்டிய பாதை மிகக் குறைவு. கொழுந்து லொறி போகும் ரோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப் பாதை, கோயிலுக்கு ஏறும் படி, கோப்பிக் காலத்து வண்டித்தடம் இவற்றைக் கோத்து ஒரே வழியாக்கினார்கள்.

நல்ல வேலை என்று மனதாரச் சொல்லலாம். மலையகத்தைக் கொழும்பிலிருந்து வரும் ரயிலின் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்துப்போன வெளிநாட்டார், பூண்டுலோயாவின் தெருவில் நின்று தேத்தண்ணி குடிக்கிறார்கள். டயகம என்ற பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா நகரில் முட்டி மோதும் கூட்டம்போல் அல்லாமல், இந்த வழியில் நடப்பவர்கள் 22 கட்டங்களில் பரந்து தோட்டங்களுக்குள் போகிறார்கள்.

■ பெட்டி: பாதை ஒரு பார்வையில்
நீளம்: 300 கிலோமீட்டருக்கு மேல். கட்டங்கள்: 22. தொடக்கம் ஹந்தானை, முடிவு நுவரெலியா.
லூல்கந்துர: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதல் வணிகத் தேயிலையை நட்ட தோட்டம்.
தம்பேதென்ன: தோமஸ் லிப்டனின் தொழிற்சாலை, 1890.
ஹோட்டன் சமவெளி: 1988 முதல் தேசிய பூங்கா. 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக்காடு ஆகியவற்றோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுரிமை.
பீதுருதலாகலை: 2,524 மீற்றர், நாட்டின் உச்சி. பாதை முடியும் நுவரெலியாவின் தலைமேல் நிற்பது.

முதலில் நடந்தவர்கள்

இந்த மண்ணில் நெடுநடை புதிதல்ல. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறி, தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அவர்களுக்குக் கூடாரம் இல்லை, வழிகாட்டி இல்லை. கொலரா, மலேரியா, பட்டினி, காட்டு விலங்கு என்று வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிழைத்து வந்தவர்கள்தான் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தபோது அதைப் பிடுங்கித் தேயிலை நட்டவர்களும், கல்லுடைத்து ரோடு போட்டவர்களும் அவர்களே.

அந்த வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்தது ஒரு மக்கள் நடை. 252 கிலோமீட்டர். ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான குடியுரிமை என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை முழுதாகத் திரும்பக் கிடைக்க 2003 வரை காத்திருந்த சமூகத்தின் கோரிக்கைகள் அவை.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் பீக்கோ ட்ரெயிலும் நடைக்குத் திறந்தது. ஒன்று காணி கேட்டு நடந்த நடை. மற்றது அந்தக் காணியின் அழகைப் பார்க்க நடக்கும் நடை. இரண்டாவதை நடப்பவர்களுக்கு முதலாவதைச் சொல்ல ஆள் வேண்டும். லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் வழிகாட்டியாகக் கூட நடந்தால் இந்தக் கதை தானாக வந்துவிடும். அவர் இல்லாவிட்டால் ஜேம்ஸ் டெய்லரின் கதையும் லிப்டனின் கதையும் மட்டுமே வரும்.

வாசலைத் தாண்டிப் போகும் காசு

காலை ஏழு மணிக்கு முன்பே பெரட்டுக்களத்தில் பெயர் பதிந்து, தலையில் பட்டையும் இடுப்பில் படங்குமாக மலைக்கு ஏறும் பெண்கள். அதே ரோட்டில் எதிரே நடைத்தடியோடு வரும் உல்லாசப் பயணிகள். ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்கிறார்கள். படம் எடுக்கலாமா என்று சைகை. சில இடங்களில் நூறோ இருநூறோ ரூபா கைமாறுகிறது. பிள்ளைகள் பேனைக்கும் இனிப்புக்கும் கை நீட்டுகிறார்கள்.

பாதையிலிருந்து தோட்டத்து மக்களின் கைக்கு நேராக வருவது பெரும்பாலும் இவ்வளவுதான். இதை நடப்பவர்களின் குற்றமாகச் சொல்ல முடியாது. காசு கொடுத்துத் தங்கவும் சாப்பிடவும் அவர்கள் ஆயத்தமாகத்தான் வருகிறார்கள். வாங்கிக்கொள்ள லயத்தில் வழியில்லை.

எல்லவிலும் பண்டாரவளையிலும் சொந்த வீடுள்ளவர் மேலே ஒரு அறை கட்டி, இணையத்தில் விளம்பரம் போட்டு, பயணியைத் தங்கவைக்கிறார். கிராமத்தில் காணி உறுதி உள்ளவர் வங்கியில் கடன் எடுத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடை போடுகிறார். லயத்தில் இருப்பவர் என்ன செய்வார்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதுவும் அவருடையதல்ல. தோட்டத்து அனுமதியில்லாமல் ஒரு சுவர் எழுப்ப முடியாது. உறுதியில்லாத வீட்டைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது. பாதையோரம் தேத்தண்ணிக் கடை போடவும் இடம் தோட்டத்தினது. விடுதி என்று பதிவு செய்யவும், உரிமம் எடுக்கவும் முதலில் கேட்பது சொந்த முகவரி.

1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் அவற்றின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் இன்றும் அரசினுடையது. கம்பனியிடம் குத்தகைக்கு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, அந்த நிலத்தில் ஐந்தாறு தலைமுறையாக வாழ்ந்துவருபவரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. தனிவீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று சிலருக்குக் காணி கிடைத்திருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் நின்று இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். இன்று பாதையின் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் ஊர் அதே நோர்வூட். அங்கிருந்து பொகவந்தலாவைப் பக்கம் நடந்து போகிறவர் லயங்களைக் கடக்காமல் போக முடியாது.

தேயிலை மலையின் அழகை விற்பது புதிய யோசனையுமல்ல. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்கள் 2005 முதல் ஆடம்பர விடுதிகளாக நடக்கின்றன. ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கில் டொலர். அவற்றால் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குச் சமையலறையிலும் வரவேற்பிலும் வேலை கிடைத்திருக்கிறது. அந்த வேலைகள் மதிப்பானவை. கொழும்புக் கடைகளுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் சம்பளம் என்பது வேறு, பங்கு என்பது வேறு. பங்களாவின் முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியும் காட்சியில் பாதி, கொழுந்து எடுக்கும் பெண்கள். அந்தக் காட்சிக்குக் கிடைக்கும் விலையில் அவர்களுக்குப் பங்கு கிடையாது.

அவர்களுக்குக் கிடைப்பது நாட்சம்பளம் மட்டுமே. 2024 செப்டெம்பரில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, அடிப்படை 1,350 ரூபா என்றானது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கு அரசு 200 தரும் என்றது. கூட்டினால் 1,750 ரூபா. டொலரில் ஆறுக்கும் குறைவு. அதற்கும் கம்பனி கேட்கும் கிலோ நிறைய வேண்டும். குறைந்தால் அரைப்பேர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முன்னால் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அரைப்பேரின் பாரம் தெரியும்.

புலியும் பன்றியும் மரக்கறிக் காணியும்

ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போகிறவர் சிங்கம் பார்க்கப் போகிறார். இலங்கைக்கு வருகிறவர் சிறுத்தை பார்க்க வருகிறார். யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிக்கும் காட்சி உலகப் பிரசித்தம். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமும் சிறுத்தை இருக்கிறது என்பது தோட்டத்தாருக்கு எப்போதும் தெரிந்ததுதான். லயத்து நாய் ராத்திரி காணாமல் போனால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

தேயிலைக்கு நடுவே மலையுச்சியிலும் ஓடைப் பள்ளத்திலும் துண்டு துண்டாகக் காடு மிஞ்சியிருக்கிறது. சிறுத்தைக்குப் பகலில் அது படுக்கை. இரவில் தேயிலைச் செடிகளின் ஊடே இறங்கி முள்ளம்பன்றி, முயல், மான், நாய் என்று பிடிக்கிறது. சில சமயம் தேயிலைச் செடியடியிலேயே குட்டி ஈனுகிறது. கொழுந்து எடுக்கும் கை குட்டியின் மேல் பட்டு, தாய் பாய்ந்து, காயப்பட்டவர்கள் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் உண்டு. அஞ்ஜலி வொட்சனும் அன்ட்ரூ கிட்டலும் நடத்தும் வனப்பகுதி, வனவிலங்கு பாதுகாப்பு அறக்கட்டளை இந்த மலைகளில் பல ஆண்டுகளாகத் தானியங்கிக் கமரா வைத்து இதை ஆராய்ந்துவருகிறது. பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியே, மனிதர் நடமாடும் தேயிலைக்குள்ளும் சிறுத்தை நிலையாக வாழ்கிறது என்பது அந்த வேலை காட்டிய முக்கியமான உண்மை. அதாவது சிறுத்தையின் நாளை, பூங்காக்களின் கையில் மட்டும் இல்லை. தோட்டத்து மக்களின் கையிலும் இருக்கிறது.

அந்தக் கைக்கு நாம் என்ன தருகிறோம்? காட்டுப்பன்றி ஓரிரவில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. நட்டம் முழுவதும் நட்டவருக்கே. மோட்டார் சைக்கிள் கேபிளை வளைத்துக் கட்டினால் செலவில்லை. பன்றி மாட்டினால் காணியும் மிஞ்சும், கறியும் மிஞ்சும். அதே தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கிறது. வனஜீவராசிகள் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. சிறுத்தையைக் கொல்வது குற்றம் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பயமும் பசியும் வேறு ஏற்பாடு கேட்கின்றன. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை அடித்தே கொன்று படம் எடுத்த கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மனிதரைக் காயப்படுத்திய விலங்கைப் பிடித்துக் கொண்டுபோக ஆட்கள் நேரத்துக்கு வராத ஊரில் அதுதான் நடக்கும்.

■ பெட்டி: மலைநாட்டுச் சிறுத்தை
இலங்கைக்கே உரிய உபஇனம். வரிப்புலியோ சிங்கமோ இல்லாத தீவில் உச்ச வேட்டை விலங்கு இதுவே. 2020இல் ஐயூசிஎன் பட்டியலில் ‘பாதிக்கப்படக்கூடியது’ என்ற நிலை. ஆகஸ்ட் 1 இலங்கைச் சிறுத்தை தினம். கறுப்பு நிறம் தனி இனம் அல்ல, நிறமிக் கூடுதலால் வருவது. வெளிச்சத்தில் கறுப்பின் ஊடே புள்ளிகள் தெரியும். மலைநாட்டில் இவற்றின் முதல் எதிரி துப்பாக்கி அல்ல, கம்பிச் சுருக்கு.

மசாய் மாராவில் யாருக்குப் பணம்?

இங்கேதான் ஆப்பிரிக்காவைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கும் விலங்குக்கும் மனிதருக்கும் இடையே இதே வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது, தீர்ப்புகள் மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தைச் சுற்றியுள்ள நிலம் மசாய் மக்களின் பெயரில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு உறுதி எழுதப்பட்டது. 2006இல் ஒலாரே ஒரோக் பகுதியில் அந்த உறுதிக்காரர்கள் தங்கள் காணிகளை ஒன்றாகச் சேர்த்து, சஃபாரி முகாம் நடத்துபவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பயணி வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கர் கணக்கில் மாதாமாதம் குத்தகை. பிறகு நபோய்ஷோ போன்ற பல பகுதிகள் அதே வழியில் போயின. மாடு மேய்க்க முறை வைத்துக்கொண்டார்கள். சிங்கம் மாட்டைக் கொன்றால் ஈட்டி எடுத்தவர்கள், சிங்கம் இருந்தால்தான் குத்தகை என்ற கணக்கைப் புரிந்துகொண்டார்கள். குறைகளும் உண்டு. உறுதி பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்ததால் பெண்களுக்குப் பணம் நேராகப் போகவில்லை. கொரோனாக் காலத்தில் குத்தகை வெட்டுப்பட்டது. ஆனாலும் அடிப்படை தெளிவு: பத்திரத்தில் பெயர் இருந்தவருக்குப் பணம் வந்தது.

நமீபியா 1996இல் சட்டம் கொண்டுவந்து, பொதுநிலத்தில் வாழும் சமூகங்கள் தங்கள் பகுதியில் வாழும் விலங்குகளால் வரும் வருமானத்துக்கு உரிமை கோரலாம் என்றது. இன்று அப்படி 80க்கு மேற்பட்ட சமூகக் காப்பகங்கள். உகண்டா பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 வீதத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தருகிறது. ருவாண்டா சுற்றுலா வருமானத்தில் ஊருக்குத் தரும் பங்கை 2017இல் 5 வீதத்திலிருந்து 10 ஆக்கியது. கொரில்லா பார்க்க ஒரு ஆளுக்கு 1,500 டொலர் வாங்கும் நாடு அது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் குடிநீரும் வந்தன.

தன்சானியாவின் ங்கொரொங்கொரோ மறுபக்கம். 1959இல் செரெங்கெட்டியிலிருந்து மசாய்களை வெளியேற்றியபோது, இனி இங்கே வாழலாம் என்று காட்டிய இடம் அது. 2022 முதல் அங்கிருந்தும் நூற்றுக்கணக்கான மைல் தள்ளியுள்ள ம்சொமேராவுக்குக் குடும்பங்கள் நகர்த்தப்படுகின்றன. 2024 ஆகஸ்டில் சஃபாரி வண்டிகள் போகும் ரோட்டை மறித்து மக்கள் போராடினார்கள். நிலம் அரசினுடையது, நீங்கள் வாழ அனுமதிக்கப்பட்டவர்கள் மட்டுமே என்றால் சுற்றுலாவின் வளர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு இது சாட்சி.

நம் மலையகம் இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது? நிலத்தின் நிலைமையைப் பார்த்தால், மசாய் மாராவைவிட ங்கொரொங்கொரோவுக்குத்தான் பக்கம். இங்கே யாரையும் காட்டுக்காக வெளியேற்றவில்லை. ஆனால் தேயிலையைவிட ஹோட்டலுக்கு விலை கூடினால், லயம் இருக்கும் மேடுதான் நல்ல காட்சியுள்ள மேடு என்று யாராவது கண்டுபிடித்தால், அங்கே இருப்பவர் காட்டுவதற்குக் கையில் என்ன காகிதம் இருக்கிறது? இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. கம்பனிகள் தேயிலையோடு சுற்றுலாவையும் வருமானமாகப் பார்க்கும் காலம் இது.

வால்பாறையில் எரியும் விளக்கு

உதவிக்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்து வால்பாறையும் தேயிலை மலைதான். அங்கும் லயம்தான், சிறுத்தைதான், கூடவே யானையும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அங்கே யானை நடமாட்டத்தைத் தொழிலாளர்களின் போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. முச்சந்தியில் உயரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை என்று அர்த்தம். அந்த விளக்கை ஊர்க்காரர்களே தங்கள் போனில் எரியவிடலாம். இந்த வேலைக்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. காட்டைப் பற்றி முதலில் அறிய வேண்டியவர் அங்கே வாழ்பவர் என்ற மரியாதைதான் அதன் அடிப்படை. பொகவந்தலாவையில் சிறுத்தை குட்டியோடு இருக்கும் மலையில் ஒரு வாரத்துக்குக் கொழுந்து எடுக்க வேண்டாம் என்று சொல்ல, அன்றைய பேரை வெட்டாமல் வேறு மலைக்கு அனுப்ப, இப்படி ஓர் ஏற்பாடு போதும்.

மழை வந்தால்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை மலையகம் மறக்காது. தீவு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. மலை இறங்கி வீடுகளை மூடியது. மலையக ரயில் பாதை அறுந்தது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போனதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இது இரண்டாம் முறை.

சரிந்த நடைபாதையைத் திருத்தலாம். ஆபத்தான சரிவு என்று அடையாளமிட்ட இடத்தில் நடப்பவரை ஒரு நாள் திருப்பி அனுப்பலாம். அதே சரிவில் இரவு தூங்குகிறவரை எங்கே அனுப்புவது? காணி வேண்டும் என்பது சுற்றுலாவில் பங்கு கேட்பதற்கு மட்டுமல்ல. அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. இன்னொன்றும் உண்டு. பாதைக்குப் பணம் தந்த யூஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது. பாதையை இனிப் பராமரிக்கப் போவது யார் என்ற கேள்விக்கு என் பதில் தெளிவு: தோட்டத்து இளைஞர்கள், சம்பளத்தோடு.

■ பெட்டி: நடக்கப் போகிறவர்களுக்கு
ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவு. மே முதல் தென்மேற்குப் பருவமழை. ஊவாப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கடும் மழை.
அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் தோட்டத்து வைத்தியம். குளவிக் கூடு கண்டால் சத்தமில்லாமல் திரும்புங்கள். கொழுந்து மலையில் குளவி கொட்டி உயிர்கள் போயிருக்கின்றன.
இருட்டிய பின் தேயிலைக்குள் நடக்க வேண்டாம். கூடாரம் அடிக்கத் தோட்டத்திடமும், பூங்காவுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் முன்அனுமதி வேண்டும்.
கொழுந்து எடுப்பவரைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பிள்ளைகள் கையில் காசும் இனிப்பும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஊர்க் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுங்கள்.

இனி என்ன

கேட்க வேண்டியவை மிகப் பெரிய விஷயங்கள் அல்ல. நடப்பவர் ஒவ்வொருவரிடமும் வாங்கும் பணத்தில் ஒரு பகுதி, அவர் நடக்கும் தோட்டப் பிரிவின் (டிவிசனின்) பெயரில் ஒரு நிதிக்குப் போகட்டும். அந்த நிதியைக் கம்பனியோ தொழிற்சங்கமோ மட்டும் அல்லாமல் கொழுந்து எடுக்கும் பெண்களும் நிர்வகிக்கட்டும். தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைக் கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மசாய் மாராவின் தவறை இங்கே திரும்பச் செய்ய வேண்டாம். பன்றி அழித்த பாத்திக்கும் புலி பிடித்த பசுவுக்கும் அந்த நிதியிலிருந்து உடனே இழப்பீடு வந்தால், கேபிள் வளைக்கும் கை தயங்கும். வழிகாட்டிப் பயிற்சி ஹட்டனில், தமிழில் நடக்கட்டும். ஆங்கிலம் கற்றுக்கொடுங்கள், அதை நுழைவுத் தடையாக்காதீர்கள். காட்டுத்தடம், பறவை, மூலிகை, மழைக்குறி எல்லாம் வாச்சர் வேலை பார்த்த அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது.

மற்றவை எல்லாம் தங்கி நிற்பது காணியில். லயத்துக் குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச் உறுதி கிடைத்தால், அடுத்த ஆண்டே பூண்டுலோயாவிலும் டயகமவிலும் பயணி தங்கும் வீடுகள் தோன்றும். யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கத் தேவையில்லை, எங்கள் சனங்களின் கைக்கு அந்தத் திறமை உண்டு. உறுதி கணவன், மனைவி இருவரின் பெயரிலும் இருக்க வேண்டும். பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அதை நீட்டிப்பது பற்றிய பேச்சு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்த மேசையில் அரசு இருக்கும், கம்பனி இருக்கும். தோட்டத்து மக்களுக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும் என்பதை இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.